எக்ஸ்ரேயில் விழாத வலி

ஒரு நிமிஷம் இந்தப் பத்திரிகையை மேஜைமீது வையுங்கள். தொடர்கதைக்கு அப்புறம் போகலாம். போன வாரம் மயங்கி விழுந்த கதாநாயகி இன்னும் கண் திறக்கவில்லை. அவளுக்கு ஒன்றும் அவசரமில்லை.

வைத்தாயிற்றா? இப்போது வலது கையை நீட்டி, மணிக்கட்டை உள்பக்கமாக மடக்குங்கள். கட்டை விரலை இடது கையால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். அது முன்னங்கையில் போய் ஒட்டிக்கொள்கிறதா? ஒட்டினால் ஒரு மார்க். இடது கையும் அப்படியே என்றால் இன்னொரு மார்க். அடுத்தபடியாக, உள்ளங்கையை மேஜையில் பதித்துக்கொண்டு சுண்டு விரலைப் பின்பக்கமாகத் தூக்குங்கள். 90 டிகிரியையும் தாண்டி வளைந்தால் கைக்கு ஒரு மார்க். கையை நீட்டினால் முழங்கை நேராக நிற்காமல் 10 டிகிரிக்கு மேல் எதிர்ப்பக்கம் வளைகிறதா? அதற்கும் கைக்கு ஒன்று. நிற்கும்போது முழங்கால் அதேபோல் பின்னுக்குப் போனால் காலுக்கு ஒன்று. கடைசியாக, முழங்காலை மடக்காமல் குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் முழுசாகப் பதிக்க முடிந்தால் ஒன்று. ஆக மொத்தம் 9 மார்க்.

பலவந்தம் மட்டும் வேண்டாம். வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். இதைப் படித்து யாராவது சுளுக்கிக்கொண்டால் ஆசிரியர் என்னைச் சும்மா விடமாட்டார்.

நானும் செய்து பார்த்தேன். ஒன்பதுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. கணக்குப் பரீட்சைக்குப் பிறகு இவ்வளவு கேவலமாக நான் மார்க் வாங்கியது இப்போதுதான். ஆனால் இது விசித்திரமான பரீட்சை. இதில் பூஜ்யம் வாங்கியவர் நிம்மதியாகத் தூங்கலாம். பருவ வயதைக் கடந்து 50 வயதுக்கு உட்பட்ட ஒருவர் 5 மார்க்கோ அதற்கு மேலோ வாங்கினால்தான் டாக்டர்கள் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள். சிறு குழந்தைகள் சுபாவமாகவே வளைகிறவர்கள் ஆனதால் அவர்களுக்கு 6. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு 4 போதும்.

இந்தப் பரீட்சைக்குப் பெய்ட்டன் கணக்கு என்று பெயர். தென் ஆப்பிரிக்காவில் கிராம மக்களின் மூட்டுக்கள் எவ்வளவு தூரம் வளைகின்றன என்று ஆராய்ந்து, பீட்டர் பெய்ட்டன் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் 1973ல் வெளியிட்டது. ஆண்களைவிடப் பெண்களின் மூட்டுக்கள் அதிகம் வளைகின்றன. வயது ஏற ஏற அது குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். ஐரோப்பியர்களைவிட ஆப்பிரிக்கர்களுக்கும் நம்மைப் போன்ற ஆசியாக்காரர்களுக்கும் இந்த நெகிழ்ச்சி கூடுதல் என்பதும் தெரிந்த விஷயம்தான்.

எனவே, எட்டும் ஒன்பதும் வாங்கியிருக்கிற வாசகிகள் பயந்துவிட வேண்டாம். வளைவது வியாதி அல்ல. நடனம் ஆடுகிறவர்களுக்கும் வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கும் அது வரப்பிரசாதமாகக்கூட இருக்கும். அதிகம் வளைகிறவர்களில் பெரும்பாலோர் ஆயுசு முழுவதும் ஒரு தொந்தரவும் இல்லாமல் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது மற்றவர்களைப் பற்றி.

அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், உங்கள் தெருவிலேயே இருக்கலாம். சின்ன வயதில் விரலைப் பின்னால் மடக்கிக் காட்டி வகுப்புப் பெண்களை அலற வைத்தவள். பாட்டு வாத்தியார் வீட்டுத் திண்ணையில்கூடக் காலை விசித்திரமாக மடித்துக்கொண்டுதான் உட்காருவாள். நடன வகுப்பில், "குழந்தை ரப்பர் மாதிரி வளைகிறாள்" என்று ஒரே பாராட்டு. பதினைந்து வயதில் படி இறங்கும்போது முழங்கால் சில்லு ஒரு பக்கமாக நழுவி, தானாகவே திரும்பியது. "பார்த்து நடக்கத் தெரியாதா?" என்றார்கள்.

கல்யாணமாயிற்று. பரண்மேல் இருந்த அண்டாவை எட்டி எடுத்தாள், தோள் இறங்கியது. தேங்காய் துருவினால் மணிக்கட்டில் வலி. ஈரத் துணியைப் பிழிந்தால் விரல்களில் வலி. எங்கே இடித்துக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியாது, தொடையில் நீலம் பாரித்திருக்கும். ரேஷன் கடை வரிசையில் பத்து நிமிஷம் நின்றால் மார்பு படபடவென்று அடித்துக்கொண்டு கண் இருட்டும். காலையில் எழுந்திருக்கும்போதே, முதல் நாள் மாலை எவ்வளவு களைத்திருந்தாளோ அவ்வளவு களைப்பு.

டாக்டரிடம் போனாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு பழுதில்லை. ரத்தம் எடுத்தார்கள். வாதத்துக்கு உரிய அடையாளம் இல்லை. இன்னொரு டாக்டர், இன்னொரு ஊசி, இன்னொரு ரிப்போர்ட். எல்லாவற்றிலும் ஒரே வார்த்தைதான்: நார்மல். நல்ல செய்திதானே என்கிறீர்கள். அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், தெரியும். "டாக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாரே!" என்பார் கணவர். மாமியார் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். பாத்திரத்தைக் கொஞ்சம் ஓசையாக வைப்பார். சில மாதம் போனால், தனக்கு நிஜமாகவே வலிக்கிறதா, வேலைக்குச் சோம்பிக்கொண்டு தானே கற்பித்துக்கொள்கிறோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும். வலியைவிட இதுதான் பொல்லாதது.

எக்ஸ்ரே பொய் சொன்னதா? இல்லை. அதனிடம் தவறான கேள்வியைக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு கால், நாலு சட்டம், எல்லாம் தேக்கு. ஆனால் பின்னியிருக்கிற கயிறு துவண்டுவிட்டது. படுத்தவனுக்கு முதுகு போய்விடுகிறது. தச்சரைக் கூப்பிட்டுக் காலையும் சட்டத்தையும் தட்டிப் பார்க்கச் சொன்னால், "மரம் கல்லு மாதிரி இருக்கிறது" என்றுதானே சொல்லுவார்? எக்ஸ்ரே அந்தத் தச்சர். அது மரத்தைப் பார்க்கிறது, கயிற்றைப் பார்ப்பதில்லை.

நம் உடம்பிலும் அப்படி ஒரு பின்னல் இருக்கிறது. எலும்பை எலும்போடு கட்டுகிற தசைநார், தோல், ரத்தக் குழாய்களின் சுவர், குடலையும் கர்ப்பப்பையையும் அதனதன் இடத்தில் தாங்கி நிறுத்துகிற சவ்வுகள் எல்லாவற்றிலும் அதுவே. இணைப்புத் திசு என்று பெயர். இதன் முக்கியமான சரக்கு கொலாஜன் என்ற புரதம். நம் உடம்பிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுதான். பிறக்கும்போதே இந்தச் சரக்கிலோ பின்னலிலோ சிறு பிசகு இருந்துவிட்டால், மூட்டுக்கள் தம் எல்லையைத் தாண்டி வளைகின்றன. அவற்றைப் பிடித்து நிறுத்த வேண்டிய வேலை சுற்றிலும் உள்ள சதைகளின் தலையில் விழுகிறது. இராப்பகலாக இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் சதை களைக்காமல் என்ன செய்யும்?

ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் வராததற்கு வேறு காரணம். அங்கே தேடுவது வீக்கத்தை, அழற்சியை. இந்தக் கோளாறில் பெரும்பாலும் அழற்சியே இருப்பதில்லை. பெயர் வேறு குழப்புகிறது. இணைப்புத் திசு நோய் என்று சொன்னால் பல டாக்டர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது லூபஸ் போன்றவை. உடம்பின் பாதுகாப்புப் படையே திரும்பி உடம்பைத் தாக்குவதால் அவை வருகின்றன. ரத்தத்தில் அவற்றுக்கு அடையாளம் தெரியும். நாம் பேசுவது பரம்பரையாக வருகிற வேறு குடும்பம். ஒரே தெருவில் ஒரே பெயருள்ள இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன பாடுபடுவாரோ, அந்தக் கதைதான்.

மேல் நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் ஒரு வசனம் உண்டு. குளம்புச் சத்தம் கேட்டால் குதிரை என்று நினை, வரிக்குதிரை என்று நினைக்காதே என்பது. நம் தெருவில் அது மாடாகத்தான் இருக்கும், போகட்டும். சாதாரண நோயை முதலில் தேடு, அபூர்வமானதைத் தேடி அலையாதே என்று மாணவர்களுக்குப் புத்தி சொல்வது. நல்ல புத்திதான். ஆனால் வரிக்குதிரைகளும் உலகத்தில் இருக்கின்றனவே! அதனால் இந்தக் கோளாறு உள்ளவர்கள் வரிக்குதிரையையே தங்கள் சின்னமாக வைத்துக்கொண்டுவிட்டார்கள்.

உண்மையில் அவ்வளவு அபூர்வமும் இல்லை போலிருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் பகுதியில் வைத்தியக் குறிப்புகளையெல்லாம் அலசி 2019ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சுமார் 500 பேருக்கு ஒருவருக்கு இந்த வகைக் கோளாறு என்று டாக்டர்கள் எழுதியிருந்தார்கள். அவர்களில் 100க்கு 70 பேர் பெண்கள். கேளுங்கள் இதை: ஆண்களுக்குக் கண்டுபிடித்த வயதைக் காட்டிலும் பெண்களுக்குக் கண்டுபிடித்த வயது சராசரி எட்டரை வருஷம் பிந்தியிருந்தது. பையன் வலிக்கிறது என்றால் டாக்டரிடம் ஓடுகிறோம். பெண் சொன்னால் வயசுக் கோளாறு என்கிறோம். காரணம் இதுதான் என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

இந்தக் குடும்பத்தில் பிரபலமான பெயர் ஏலர்ஸ்-டான்லோஸ். ஏலர்ஸ் டென்மார்க்கைச் சேர்ந்த தோல் வைத்தியர். மூட்டுக்கள் நழுவி, தொட்டதற்கெல்லாம் ரத்தம் கட்டிக்கொண்டிருந்த ஒரு சட்ட மாணவனைப் பற்றி 1901ல் எழுதினார். 1908ல் பாரிஸில் டான்லோஸ், இழுத்தால் நீளுகிற தோலைப் பற்றி எழுதினார். இரண்டு பெயரும் சேர்ந்து ஒட்டிக்கொண்டன. 2017ல் பல தேசத்து நிபுணர்கள் கூடி இதை 13 வகையாகப் பிரித்தார்கள். அவற்றில் 12 வகைகளுக்கு எந்த ஜீனில் பிசகு என்று தெரியும். ரத்தத்தில் பரிசோதித்து உறுதி செய்யலாம். பாக்கி ஒன்று, மிகமிகச் சகஜமானது, மூட்டு நெகிழ்ச்சி வகை. அதற்கு மட்டும் ஜீன் அகப்படவில்லை. ஆகவே அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் கிடையாது. டாக்டர் உங்களைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, காதால் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும்.

எப்படி? பெய்ட்டன் மார்க் முதல் படி. அப்புறம் தோல் பட்டுப்போல் மிருதுவாக இருக்கிறதா, பிரசவமோ பருமனோ காரணமில்லாமல் தோலில் வரிகள் விழுந்திருக்கின்றனவா, தழும்புகள் மெல்லிசாக இருக்கின்றனவா, குதிகாலில் எழுந்து நின்றால் சிறு கொப்புளம்போல் புடைக்கிறதா, குடலிறக்கமோ கர்ப்பப்பை இறக்கமோ உண்டா, மேல் அண்ணம் குறுகிப் பற்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றனவா என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது உண்டா என்பது அடுத்தது. மூட்டு எத்தனை தடவை நழுவியது, வலி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்ததா என்பது அதற்கும் அடுத்தது. கடைசியாக, மற்ற நோய் எதுவும் இல்லை என்று தள்ள வேண்டும். இவ்வளவும் பொருந்தாமல், ஆனால் மூட்டு நெகிழ்ந்து தொந்தரவும் இருந்தால், நெகிழ்ச்சி வரிசைக் கோளாறு என்று வேறு பெயர் கொடுக்கிறார்கள். பெயர் இரண்டானாலும் சிகிச்சை ஏறக்குறைய ஒன்றே. ஆகையால் எந்தப் பெயர் கிடைத்தது என்று ரொம்ப மனத்தைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம்.

மற்ற நோய் எதுவும் இல்லை என்று தள்ளுவது என்றேனே, அதில்தான் உயிர் இருக்கிறது.

1984ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் அமெரிக்கப் பெண்கள் வாலிபால் கோஷ்டி வெள்ளிப் பதக்கம் வாங்கியது. அதன் நட்சத்திரம் ஃப்ளோ ஹைமன். உயரம் 6 அடி 5 அங்குலம். நீண்ட கை, நீண்ட விரல். அவர் எகிறி அடித்தால் எதிரே நிற்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அப்புறம் ஜப்பானில் ஒரு கம்பெனியின் கோஷ்டியில் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார். 1986 ஜனவரி 24ந் தேதி மட்ஸுயே என்ற ஊரில் ஆட்டம். அவரை மாற்றி வேறொருத்தியை இறக்கினார்கள். ஹைமன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். உயிர் போய்விட்டது. வயது 31.

மாரடைப்பு என்றுதான் முதலில் சொன்னார்கள். உடல் அமெரிக்கா வந்ததும் பிரேதப் பரிசோதனை நடந்தது. இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி கிழிந்திருந்தது. காரணம், மார்ஃபான் கோளாறு. இதுவும் இணைப்புத் திசுவின் பிசகுதான். உயரமான தேகம், நீண்ட விரல்கள், நெகிழ்ந்த மூட்டுக்கள் இவற்றோடு, பெருந்தமனியின் சுவரும் மெல்ல மெல்ல விரிந்துகொண்டே போகும். அவரைப் புகழ்ந்த ஆயிரக்கணக்கான பேர் அந்தக் கைகளைப் பார்த்தார்கள். அவை என்ன சொல்கின்றன என்று ஒருவரும் படிக்கவில்லை.

பிறகு அவருடைய சகோதரரைப் பரிசோதித்தார்கள். அவருக்கும் அதே கோளாறு இருந்தது. அவருக்கு இருதய ஆபரேஷன் செய்தார்கள், பிழைத்துக்கொண்டார். அக்காள் தங்கை, அண்ணன் தம்பி என்று குடும்பத்தையே டாக்டர்கள் வரச் சொல்வது இதற்காகத்தான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் சரிபாதி வாய்ப்பு உண்டு.

மார்ஃபான் என்பவர் பாரிஸில் குழந்தை வைத்தியர். 1896ல், விரல்கள் சிலந்திக் கால்போல் நீண்டிருந்த ஒரு ஐந்து வயதுச் சிறுமியைப் பற்றி அவர் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சிறுமிக்கு இருந்தது மார்ஃபான் கோளாறே அல்ல, அதைப் போன்ற இன்னொன்று என்று இக்காலத்து நிபுணர்கள் பலர் கருதுகிறார்கள். மார்ஃபானுக்கே மார்ஃபான் அகப்படவில்லை! இதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? காரணமான ஜீன் இன்னது என்று தெரிந்ததே 1991ல்தான். இப்போது எக்கோ பரிசோதனையில் பெருந்தமனியின் அகலத்தை வலியில்லாமல் அளந்துவிடலாம். சுமார் 5 சென்டிமீட்டரை எட்டும்போது, கிழிவதற்கு முன்பே ஆபரேஷன் செய்துவிடுகிறார்கள்.

ஏலர்ஸ்-டான்லோஸிலும் ரத்தக் குழாய் வகை என்று ஓர் ஆபத்தான வகை உண்டு. அபூர்வம்தான். தோல் மெல்லிசாகி உள்ளே ஓடும் நரம்புகள் தெரியும், தொட்டால் கன்றும். அவர்களுக்குப் பிரசவ காலத்தில் தனிக் கவனிப்பு வேண்டும். ஆகவே, வளைகிற விரலோடு கூட, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, கண் வில்லை நழுவியதாகச் சொல்லியிருந்தாலோ, தாமதம் செய்யாமல் எக்கோ எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிப்ரோஃப்ளாக்ஸசின் இனத்தைச் சேர்ந்த மருந்துகளை இத்தகையவர்களுக்குக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2018 டிசம்பரில் எச்சரித்தது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ள நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, டாக்டரிடம் போகிறீர்கள். யாரிடம்? மூட்டு வாத நிபுணரிடம் ஆரம்பிக்கலாம். சந்தேகம் பலமாக இருந்தால் அவர் இருதய நிபுணரிடமும், பரம்பரை நோய்களைப் பார்க்கிற நிபுணரிடமும் அனுப்புவார்.

அங்கே உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்த உடனேயே வலி வேறு காணாமல் போய்விடும், பல்வலிக்காரனுக்கு ஆவது போல. ஆகையால் மளிகைக் கணக்கு எழுதுகிற நோட்டில் முந்தின வாரமே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்று எங்கே வலி என்று மட்டும் எழுதினால் போதாது. ஐந்து வயதிலிருந்து எழுதுங்கள். எந்த மூட்டு, எந்த வயதில், என்ன செய்யும்போது நழுவியது என்று. சின்ன வயதில் உடம்பை வளைத்துக் காட்டி வேடிக்கை செய்தது உண்டா என்று லண்டன் நிபுணர்கள் 2003ல் வெளியிட்ட கேள்வித்தாளில் ஒரு கேள்வியே இருக்கிறது. வயதானால் மூட்டு இறுகிவிடும். இன்று விரல் வளையாமல் போகலாம். அப்போது பழைய விளையாட்டுத்தான் சாட்சி. நடன வகுப்புப் புகைப்படம் இருந்தால் எடுத்துப் போங்கள். ரத்தம் கட்டினால் அன்றே படம் எடுத்து வையுங்கள். டாக்டரைப் பார்க்கிற நாளுக்குள் அது ஆறியிருக்கும்.

அம்மாவிடம் கேளுங்கள். பாட்டிக்கு அடி இறங்கியிருந்ததா, மாமாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் எந்த வயதில் ஆயிற்று, சித்தப்பா ஏன் அவ்வளவு சின்ன வயதில் போனார் என்று கேளுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் மூன்று தலைமுறைக் கல்யாணச் சீர்வரிசையை ஒப்பிப்பார்கள். இந்த விஷயத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். விடாமல் கேளுங்கள். பல் டாக்டர் ஊசி போட்டும் சரியாக மரத்துப்போகாத அனுபவம் இருந்தால் அதையும் எழுதுங்கள். இவர்களில் பலருக்கு அப்படி ஆவதுண்டு. படுக்கையிலிருந்து எழுந்து நின்ற பத்து நிமிஷத்துக்குள் நாடித் துடிப்பு முப்பதுக்கு மேல் கூடிப்போகிறதா என்று டாக்டரையே பார்க்கச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கும்போது வரும் படபடப்புக்கு அதில் விடை இருக்கலாம்.

டாக்டர் கோபித்துக்கொள்வாரா? சிலர் கோபித்துக்கொள்வார்கள். "புஸ்தகம் படித்துவிட்டு வந்திருக்கிறீர்களா?" என்பார்கள். அப்போது வியாதியின் பெயரைச் சொல்லாதீர்கள்; விரலைக் காட்டுங்கள். விரல் முன்னங்கையில் போய் ஒட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகு, அதை இல்லை என்று சொல்ல யாராலும் முடியாது.

பெயர் தெரிந்து என்ன பயன், மாத்திரைதான் இல்லையே என்று கேட்பீர்கள். கட்டில் கயிற்றை மாற்ற முடியாது. ஆனால் சதையைப் பலப்படுத்தலாம். உடற்பயிற்சி சிகிச்சை தெரிந்தவர் மெதுவாக, மாதக் கணக்கில் சொல்லிக் கொடுப்பார். முதல் பாடம், வளைக்கிறதை நிறுத்துவது. விறைப்பாக இருக்கிறதே என்று மேலும் மேலும் இழுத்து நீட்டிக்கொண்டிருந்தவள் அதை நிறுத்திவிட்டு, மூட்டை நடு நிலையில் பிடித்து நிறுத்தக் கற்றுக்கொள்கிறாள். தடித்த பேனா, பிடி பெரிதான கரண்டி, பரணில் இருக்கிற அண்டாவை இன்னொருவர் இறக்கித் தருவது என்று வீட்டிலும் சில மாறுதல்கள் வரும். அந்தக் கடைசி மாறுதலுக்கு மட்டும் டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று தேவைப்படுகிறது. அதை மாமியார் கண்ணில் படும்படி அலமாரிமேல் வைப்பதில் தவறில்லை.